ஏழாம் அத்தியாயம்: விற்கும் நாளைத் தீர்மானிப்பவர் யார்?

நெல்லை எப்படி விளைப்பது என்று இந்தப் பிரதேசத்துக் குடியானவர்களுக்கு ஒரு நூலைக் கொண்டு கற்பிக்க வேண்டிய அவசியம் இல்லை. காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் புறப்பட்டு, பாலாற்றையும் செய்யாற்றையும் கடந்து, உத்திரமேரூர் வரை சென்று பார்ப்பவர், ஏரியும் ஏரியின் கீழ் வயலும், அவ்வயலின் வடிகால் சென்று சேரும் மற்றோர் ஏரியுமாக நிலம் ஒழுங்குபட்டிருப்பதையும், அந்த ஒழுங்குக்குள் தலைமுறை தலைமுறையாகப் பயிர்த்தொழில் நடந்து வருவதையும் காண்பார். ஆயினும், நாற்று விடுவது முதல் கதிர் முற்றுவது வரையில் ஒவ்வொரு நாளையும் எண்ணிக் காரியம் செய்யும் அதே குடியானவர், விளைந்த நெல்லை விற்கும் நாளை மட்டும் பிறர் தீர்மானிக்கும்படி விட்டுவிடுகிறார். நூறு நாட்களுக்கு மேற்பட்ட உழைப்பின் பலன் ஒரு மாலைப்பொழுதில், களத்து மேட்டிலேயே, கைமாறிப் போய்விடுகிறது.

விலை என்பது விளைச்சலுக்கு மட்டும் கிடைப்பதன்று. காத்திருக்கக் கூடிய சக்திக்கும் கிடைப்பது என்பதே இவ்வத்தியாயத்தின் சாரம். இன்றே விற்றாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில் இருப்பவரிடம் பொன்னே இருந்தாலும் அதன் விலையை வாங்குகிறவரே சொல்வார். அந்த நிர்ப்பந்தம் எவ்வெவற்றால் உண்டாகிறது, அவற்றுள் எவற்றை அறுவடைக்கு முன்பே நீக்கிக் கொள்ளலாம், காத்திருப்பதனால் வரும் லாபம் அதற்கு ஆகும் செலவை விட அதிகமா என்பதை எப்படிக் கணக்கிடுவது என்பவற்றைக் கீழே வரிசையாகச் சொல்லுகிறோம்.

அறுவடைக் காலத்தில் விலை ஏன் சரிகிறது

உணவுப் பண்டங்களுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. துணியும் பாத்திரமும் மலிந்தால் ஜனங்கள் இன்னும் ஒன்று வாங்குவார்கள். அரிசி மலிந்தது என்பதற்காக ஒருவரும் மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாக்கிக் கொள்வதில்லை, அரிசி விலை ஏறியது என்பதற்காகப் பட்டினி கிடக்கவும் இயலாது. ஆகையால் தேவை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்க, வரத்து சிறிது மிகுந்தாலும் விலை பெரிதும் சரிகிறது. வரத்து சிறிது குறைந்தாலும் விலை பெரிதும் ஏறுகிறது. இங்கிலாந்தில் கிரெகரி கிங் என்பவர் பெயரால் வழங்குவதும், 1699-ல் சார்ல்ஸ் டாவனன்ட் வெளியிட்ட நூலில் காணப்படுவதுமான ஒரு பழைய கணக்கு, தானிய விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும் என்று கூறுகிறது. அந்த விகிதம் எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் அதில் அடங்கிய உண்மை நம்முடைய களத்து மேட்டிலும் பொருந்துவதே ஆகும்.

ஒரு வட்டாரத்து நெல் முழுவதும் சில வாரங்களுக்குள் சந்தைக்கு வருமானால், அந்த வாரங்களில் வரத்து மிகுந்தும், பின்வரும் மாதங்களில் குறைந்தும் இருக்கும். அறுவடை இயந்திரம் வருவதற்கு முன் அறுப்பதும் அடிப்பதும் தூற்றுவதும் வாரக்கணக்கில் நடந்தபடியால் வரத்தும் மெதுவாகவே இருந்தது. இப்போது பெல்ட் வண்டி ஓர் ஏக்கரை ஓரிரு மணி நேரத்தில் அறுத்து நெல்லைத் தனியே கொட்டிவிடுவதால், கிராமம் முழுவதும் ஒரே வாரத்தில் விற்க வந்து நிற்கிறது. உழைப்பைக் குறைத்த அதே இயந்திரம் விற்பவர்களின் நெருக்கடியை அதிகமாக்கிவிட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இது நேற்றுத் தோன்றிய பிரச்சினையும் அன்று. சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம், கடன், விளைச்சல், விற்பனை ஆகியவற்றைப் பற்றி விசாரிக்கச் செய்து 1918-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், காஞ்சிபுரத்துக்குச் சமீபத்திலுள்ள தூசி என்ற கிராமமும் ஒன்று. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1930-களில் அதே கிராமங்களை மறுபடி ஆராய்ந்து 1940-ல் நூல் வெளியிட்டார்கள். கடனையும் விற்பனையையும் ஒரே விசாரணையின் இரு பகுதிகளாக அவர்கள் வைத்துக் கொண்டது மிகவும் பொருத்தமானது. ஏனெனில் கடன்பட்டவர் விற்கும் நாளைக் கடன் கொடுத்தவரே குறிக்கிறார்.

மூன்று போகமும் மூன்று விதச் சந்தையும்

நம் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று பட்டங்கள் உண்டு. சித்திரை, வைகாசியில் தொடங்கும் சொர்ணவாரி ஆகஸ்டு, செப்டம்பரில் அறுவடைக்கு வருகிறது. அது மாலை மழைக் காலம். ஆடி, ஆவணியில் விடும் சம்பா, வடகிழக்குப் பருவமழையைத் தாண்டித் தை மாதத்தில் அறுபடுகிறது. அப்போது பனி உண்டு. மார்கழி, தையில் நடும் நவரை சித்திரை வெயிலில் அறுபடுகிறது. அதற்கு உலர்த்தும் சிரமம் மிகக் குறைவு. ஆகவே அதே நெல்லாயினும் சொர்ணவாரியில் விற்பவருக்கு மழை எதிரியாகவும், நவரையில் விற்பவருக்கு வெயில் துணையாகவும் அமைகிறது. காத்திருக்கும் சக்தியில் முதல் பகுதி, எந்தப் பட்டத்தில் எந்த ரகத்தைப் பயிரிடுவது என்பதிலேயே தொடங்கிவிடுகிறது.

ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விளைச்சலை மட்டும் பார்ப்பது போதாது. அதை யார் வாங்குவார் என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி விலையின்றி வழங்கப்படுவதால், கடைத்தெருவில் காசு கொடுத்து அரிசி வாங்குவோர் பெரும்பாலும் சன்ன ரகத்தையே நாடுகின்றனர். ஏடிடி 37 போன்ற குண்டு நெல்லுக்கு இட்லி அரிசி வியாபாரமும் சர்க்கார் கொள்முதலும் ஆதாரம். கோ 51, பிபிடி 5204 போன்ற சன்ன ரகங்களுக்கு இவற்றோடு தனியார் ஆலைகளும் ஆதாரம். கொள்முதலில் சன்ன ரகம், சாதாரண ரகம் என்னும் பாகுபாடு அரிசியின் நீளத்தை அகலத்தால் வகுத்து வரும் எண்ணைப் பொறுத்தது, அது 2.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் சன்ன ரகம். இரண்டு ரகத்தையும் ஒரே களத்தில் கலந்துவிட்டால் உயர்ந்த ரகத்தின் விலையும் போய்விடும் என்பதால், அறுவடை இயந்திரம் ஒரு வயலிலிருந்து மற்றொரு ரகமுள்ள வயலுக்குச் செல்லும்போது அதன் தொட்டியைச் சுத்தம் செய்யச் சொல்வது சிறிய காரியமேயானாலும் பெரிய பிரயோஜனமுடையது.

சர்க்கார் குறிக்கும் விலை

விளைபொருள்களுக்கு விலை நிர்ணயிப்பது பற்றி ஆலோசனை கூறும் ஆணையம் 1965 ஜனவரியில் ஏற்படுத்தப்பட்டது. அதே மாதம் 14-ஆம் தேதி இந்திய உணவுக் கழகம் தஞ்சாவூரில் தன் பணியைத் தொடங்கியது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-ல் தோன்றியது. இந்த ஸ்தாபனங்கள் மூலமாக நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குறிக்கப்பட்டு, நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல் வாங்கப்படுகிறது. 2025-26 கொள்முதல் பருவத்துக்கு மத்திய அரசு சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாயும், சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாயும் குறித்தது. தமிழ்நாடு அரசு முறையே 131 ரூபாயும் 156 ரூபாயும் ஊக்கத்தொகை சேர்த்ததனால், விவசாயிக்குச் சேர்ந்தது 2,500 ரூபாயும் 2,545 ரூபாயும் ஆகும்.

இந்த விலைக்கு ஆதாரமாக மத்திய அரசு எடுத்துக்கொண்ட உற்பத்திச் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய். கையிலிருந்து செலவிட்ட பணமும், குடும்பத்தார் உழைப்பின் மதிப்பும் அதில் அடங்கும். சொந்த நிலத்துக்குரிய வாரமும், நிலையான முதலுக்குரிய வட்டியும் அடங்கா. அவற்றையும் சேர்த்த முழுச் செலவைப் போல் ஒன்றரை மடங்கு விலை வேண்டும் என்பதே எம். எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையத்தின் சிபாரிசை முன்னிட்டு விவசாயிகள் கேட்டு வருவது. நியாயம் எந்தப் பக்கத்தில் இருந்தாலும், அந்த 1,579 தேச முழுவதற்குமான சராசரி. தம் வயலின் செலவு என்ன என்பதைத் தாமே எழுதி வைத்திராத குடியானவர், லாபம் வந்ததா நஷ்டம் வந்ததா என்பதைக் கையிருப்பைக் கொண்டு ஊகிக்க வேண்டியதுதான். உழவு, விதை, நாற்று, நடவு, எரு, மருந்து, களை, அறுவடை, குத்தகை, வட்டி என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வருவது, எந்த உரத்தையும் விடப் பயன் தரும்.

ஆதரவு விலையை விலையின் தரை என்று கொள்ளலாம். ஆனால் அந்தத் தரை எல்லா ஊரிலும் எல்லா நாளிலும் தானாக அமைந்துவிடுவதில்லை. கொள்முதல் நிலையம் திறந்திருக்கும் இடத்திலும் காலத்திலும், அது கேட்கும் தரத்தோடு நெல்லைக் கொண்டு சேர்ப்பவருக்கே அது தரையாகும்.

ஈரம் என்னும் எடைக்கல்

களத்து மேட்டில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆவணி மாதத்து மாலை; மேற்கே கருக்கல் கட்டியிருக்கிறது; இயந்திரம் கொட்டிய நெல் குவியலாகக் கிடக்கிறது; டிராக்டரோடு வந்து நிற்கும் தரகர் ஒரு பிடி நெல்லை எடுத்து ஒன்றிரண்டைப் பல்லில் கடித்துப் பார்க்கிறார். “இன்னாண்ணே, இம்மாம் ஈரமா கீது? மதுராந்தகம் பக்கம் நேத்தே மழை புடிச்சுக்கிச்சாம். இப்பவே ஏத்திட்டா உங்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது” என்கிறார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லாமலிருக்கலாம். நெல் ஈரமாகத்தான் இருக்கிறது. மழையும் வரத்தான் போகிறது. ஆனால் எவ்வளவு ஈரம், அந்த ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கலாம் என்ற இரண்டையும் அவர் பல்லே நிர்ணயிக்கிறது. குடியானவர் கையில் அதற்கு எதிர்க் கணக்கு ஒன்றும் இல்லை.

அந்தக் கணக்கு எளியது. கொள்முதல் நிலையத்தில் அநுமதிக்கப்படும் ஈரப்பதம் 17 சதவிகிதம். (மழை மிகுந்த வருஷங்களில் மத்திய அரசு இதில் தளர்வு அளித்ததும் உண்டு, ஆனால் அதை எதிர்பார்த்து உலர்த்தாமல் இருப்பது விவேகமன்று.) நெல் உலரும்போது நீர்தான் குறைகிறதே தவிர மற்றப் பொருள் குறைவதில்லை. ஆகவே 100-லிருந்து இப்போதைய ஈரப்பதத்தைக் கழித்து, அதை 83-ஆல் வகுத்து, எடையால் பெருக்கினால், 17 சதவிகிதத்துக்கு உலர்ந்த பின் நிற்கும் எடை தெரியும். 21 சதவிகித ஈரமுள்ள 100 கிலோ நெல், உலர்ந்தால் 95 கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும். குறைவது ஐந்து கிலோவுக்கும் கீழ். இதை அறிந்தவரிடம் ஈரத்தைச் சொல்லிப் பத்து சதவிகிதம் கழிக்க ஒருவரும் துணிய மாட்டார்.

அளவுக்கு மீறி உலர்த்துவதும் நஷ்டமே. 17 சதவிகிதத்தில் வாங்கிக் கொள்ளும் நிலையத்துக்கு 14 சதவிகிதத்துக்கு உலர்த்திய நெல்லைக் கொண்டு செல்பவர், குவிண்டாலுக்கு மூன்றரை கிலோ எடையை, அதாவது 2025-26 பருவத்துச் சன்ன ரக விலையில் சுமார் 89 ரூபாயை, வெயிலுக்குக் கொடுத்துவிடுகிறார். சில மாதங்கள் வீட்டில் வைத்திருந்து விற்பதாக இருந்தால் மட்டுமே 14 சதவிகிதத்துக்கு இறக்க வேண்டும். இல்லாவிடில் பூசணமும் அந்துப்பூச்சியும் வந்துவிடும்.

உலர்த்தும் முறையிலும் கவனம் வேண்டும். 2 முதல் 4 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, அரை மணிக்கு ஒரு முறை கிளறிக் கொடுத்தால் நெல் ஒரே சீராக உலரும். மெல்லிதாகப் பரப்பிக் கிளறாமல் உச்சி வெயிலில் காய விட்டால் அரிசியின் உள்ளே விரிசல் விழுந்து, ஆலையில் நொய் மிகுந்துவிடும். புழுங்கலரிசிக்குப் போகும் நெல்லில் அவிக்கும்போது இவ்விரிசல் பெரும்பாலும் கூடிவிடும்; பச்சரிசிக்குப் போகும் நெல்லில் அது நேரே விலையைக் குறைக்கும். ஈரமானி இல்லாதவர் ஒன்று செய்யலாம்: நன்றாக உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் கைப்பிடி நெல்லோடு வறண்ட உப்புத் தூளைப் போட்டுக் குலுக்கிச் சற்று நேரம் வைத்தால், ஈரம் ஏறக்குறைய 15 சதவிகிதத்துக்கு மேலிருக்குமானால் உப்பு புட்டியின் பக்கங்களில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டாவிடில் நெல் கொள்முதலுக்குத் தகுதியாயிற்று என்று நிம்மதி கொள்ளலாம். ஆயினும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஈரமானி வாங்கி வைத்துக் கொள்வதே சிறந்தது.

ஈரம் தவிர மற்றத் தர அளவுகளும் உண்டு. மண், கல் முதலியவை 1 சதவிகிதமும், வைக்கோல், தூசி முதலியவை 1 சதவிகிதமும், சேதமுற்ற, நிறம் மாறிய, முளைத்த, வண்டு அரித்த நெல் 5 சதவிகிதமும், முற்றாத, சுருங்கிய நெல் 3 சதவிகிதமும், தாழ்ந்த ரகக் கலப்பு 6 சதவிகிதமும் உச்ச வரம்புகள். தூற்றிச் சுத்தம் செய்த நெல்லைக் கொண்டு செல்பவருக்கு இவற்றில் வாதம் எழ இடமே இராது.

அளப்பவரும் வாங்குபவரும் ஒருவராக இருத்தல் ஆகாது

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட முதற் பராந்தகன் காலத்துச் சாசனங்கள், குடவோலை முறைக்காக உலகப் பிரசித்தி பெற்றவை. அவற்றில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்பவற்றோடு பொன் வாரியம் என்ற ஒன்றும் சொல்லப்படுகிறது. பொன்னைப் பற்றிய காரியங்களுக்கு ஊர்ச்சபை தனியே ஒரு வாரியத்தை வைத்துக் கொண்டதில், கொடுப்பவரும் வாங்குபவரும் அல்லாத ஒரு பொது நடுநிலை இருக்க வேண்டும் என்ற கருத்தை நாம் காணலாம். நம் களத்து மேட்டில் இன்று இல்லாதது அந்த நடுநிலைதான்: ஈரம் பார்ப்பவரும், எடை போடுபவரும், கழிவு சொல்பவரும், விலை கூறுபவரும் ஒரே ஆசாமியாக இருக்கிறார்.

ஆகவே விற்பவர் முதலில் கேட்க வேண்டியது, எந்த மூட்டைக்கு இந்த விலை என்பதாகும். கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. தனியார் வியாபாரத்தில் பல இடங்களில் 75 கிலோ மூட்டைக்கு விலை சொல்லுவார்கள். எல்லாவற்றையும் குவிண்டால் விலையாக மாற்றிக் கொண்டு பிறகே ஒப்பிட வேண்டும். சாக்குக்கும் ஈரத்துக்குமாக மூட்டைக்கு எத்தனை கிலோ கழிவு என்பதை விலை பேசும்போதே பேசிவிட வேண்டும். எடை போட்ட பிறகு பேசினால் அது பேச்சாக இராது, கட்டளையாக இருக்கும். தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும், சந்தேகம் தோன்றினால் நிறையறிந்த ஒரு மூட்டையை முதலில் ஏற்றிப் பார்ப்பதும் மரியாதைக் குறைவான காரியங்கள் அல்ல.

விற்பனைக்கு உள்ள வாசல்கள்

முதலாவது, களத்துக்கு வரும் தரகர் அல்லது வியாபாரி. கையோடு பணம், வண்டிச் செலவு இல்லை, உலர்த்தும் பிரயாசை இல்லை என்பன இவ்வழியின் அநுகூலங்கள். ஆலைக்காரருக்கு அவசரமாக ஒரு குறிப்பிட்ட சன்ன ரகம் தேவைப்படும் காலங்களில் இவர் தரும் விலை சர்க்கார் விலையையும் தாண்டிப் போவதுண்டு. ஆகையால் தரகர் எல்லாரையும் பகைவராகக் கருதுவது அறியாமை. மற்ற வாசல்களெல்லாம் அடைபட்டிருக்கிற நாளில் அவர் சொல்லும் விலையே பிரதிகூலமானது.

இரண்டாவது, நேரடி நெல் கொள்முதல் நிலையம். சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு முன்கூட்டியே இணையவழியில் பதிவு செய்து கொள்ள வேண்டும். பணம் வங்கிக் கணக்கில் சேரும். குத்தகைக்குப் பயிரிடுவோர் நில உடைமையாளரின் சம்மதத்தையும் அடங்கலையும் அறுவடைக்கு வெகு முன்பே தேடிக் கொள்ளாவிடில், நெல் தயாராக இருந்தும் கடுதாசி தயாராக இல்லாமற் போகும். நிலையத்தில் முறை வருவதற்குத் தாமதமானால் நெல்லைக் காக்கத் தார்ப்பாய் கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். 1933-ஆம் வருஷத்துச் சென்னை வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டத்தின் கீழ் 1936-ல் திருப்பூரில் பருத்திக்காக முதற் கூடம் ஏற்பட்டது. இன்று 1987-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி இவை நடைபெறுகின்றன. உத்திரமேரூரிலும், அக்கம்பக்கத்தில் செய்யாறு, வந்தவாசி முதலிய ஊர்களிலும் கூடங்கள் உண்டு. இங்கே வியாபாரிகள் ஒருவர் விலையை மற்றவர் அறியாதபடி சீட்டில் எழுதிப் போடும் மறைமுக ஏல முறை கையாளப்படுகிறது. சந்தைக் கட்டணம் வாங்குபவரைச் சேர்ந்தது, விற்பவரிடம் தரகு பிடிப்பதில்லை. விலை பிடிக்காவிடில் விற்க மறுக்கும் உரிமை விவசாயிக்கு உண்டு என்பதே இக்கூடத்தின் உயிர்நிலை. 2016 ஏப்ரல் 14-ல் தொடங்கப்பட்ட தேசிய மின்னணுச் சந்தையும் இக்கூடங்கள் வழியாகவே நடைபெறுகிறது.

நான்காவது, பலர் கூடி ஆலைக்கு நேரே விற்பது. இதனைப் பின்னர்ச் சொல்வோம்.

ஆலைக்காரர் எவ்வளவு வரை விலை கொடுக்கக்கூடும் என்பதை அரிசி விலையிலிருந்தே ஊகிக்கலாம். 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கலரிசி 68 கிலோ என்பது சர்க்கார் அரைவைக்குக் குறித்த கணக்கு. நெல் குவிண்டால் 2,545 ரூபாயானால், ஒரு கிலோ அரிசியில் நெல்லின் அடக்கம் சுமார் 37 ரூபாய் 43 காசு. தவிடும் உமியும் அரைவைச் செலவில் ஒரு பகுதியை ஈடு செய்யும். மொத்தக் கடையில் அந்த ரக அரிசி இதற்கு மிகவும் மேலே விற்குமானால், ஆலைக்காரருக்கு இன்னும் கூட்டிக் கொடுக்க இடம் இருக்கிறது. அதற்குக் கீழே விற்குமானால், அவரிடம் வாதாடிப் பயனில்லை, கொள்முதல் நிலையத்துக்குச் செல்வதே சரி.

ஒரு மாதிரிக் கணக்கு

கணக்கின் பொருட்டு, ஒருவரிடம் 21 சதவிகித ஈரமுள்ள சன்ன ரக நெல் 3,000 கிலோ இருப்பதாகவும், களத்தில் 75 கிலோ மூட்டைக்கு 1,500 ரூபாய் கேட்கப்படுவதாகவும் வைத்துக் கொள்வோம். 40 மூட்டைக்கு 60,000 ரூபாய். மூட்டைக்கு 2 கிலோ கழிவு என்றால் 80 கிலோ போய், கிடைப்பது 58,400 ரூபாய். அதே நெல்லை 17 சதவிகிதத்துக்கு உலர்த்தினால் 2,855 கிலோ நிற்கும். 2,545 ரூபாய் வீதம் அதன் கிரயம் சுமார் 72,660 ரூபாய். வித்தியாசம் 14,000 ரூபாய்க்கு மேல். இதிலிருந்து உலர்த்தும் கூலி, ஏற்று இறக்குக் கூலி, வண்டி வாடகை, பணம் வரும்வரை வட்டி ஆகியவற்றைக் கழித்து மிஞ்சுவதே காத்திருத்தலின் உண்மையான லாபம். அச்செலவுகள் 5,000 ரூபாயானால் 9,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சும்; 15,000 ரூபாயானால் களத்தில் விற்பதே உசிதம். கேட்ட விலையை விலையென்று எண்ணாமல், எல்லாச் செலவும் போகக் கைக்கு வந்து சேரும் தொகையையே விலையென்று கொள்ளும் பழக்கம் வேண்டும்.

நாட்களைக் கணக்கிடுவதற்கும் ஓர் உதாரணம் உண்டு. அகில இந்தியாவில் கொள்முதல் பருவம் அக்டோபர் முதல் தேதி தொடங்கினாலும், தமிழ்நாட்டில் 2022 முதல் செப்டம்பர் முதல் தேதியே தொடங்கி வருகிறது. 2024-25 பருவத்தில் சன்ன ரகத்துக்கு 2,450 ரூபாய். அடுத்த பருவத்தில் 2,545 ரூபாய். ஆகஸ்டில் அறுத்த சொர்ணவாரி நெல்லை உலர்த்தி ஒரு மாதம் வைத்திருந்தவருக்குக் குவிண்டாலுக்கு 95 ரூபாய் அதிகம். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியில் கடன் வாங்கியிருந்தாலும் அந்த மாதத்து வட்டி 49 ரூபாய்தான்; 46 ரூபாய் மிச்சம். குறைந்த வட்டியில் கடன் கிடைத்தவருக்கு மிச்சம் இன்னும் அதிகம்.

காத்திருப்பதற்கு வேண்டிய பணம்

இந்தியாவின் முதற் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-ல் அப்போதைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில்தான் தோன்றியது. கடனுக்காக விளைச்சலைக் குறைந்த விலைக்கு எழுதிக் கொடுக்கும் வழக்கத்திலிருந்து குடியானவரை மீட்பதே இவ்வியக்கத்தின் முக்கிய நோக்கம். இன்று தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் பெறும் பயிர்க்கடனை உரிய தவணைக்குள் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டி இல்லை. மலிவான கடன் இருக்க, நெல்லைத் தமக்கே தர வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒருவர் தரும் முன்பணத்தை வாங்குவது, விற்கும் நாளை அன்றே விற்றுவிடுவதற்குச் சமானம்.

அறுவடையானவுடன் பணம் தேவைப்பட்டால் பொருளீட்டுக் கடன் உண்டு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக் கிடங்கில் நெல்லை வைத்து, அதன் மதிப்பில் 75 சதவிகிதம் வரை கடன் பெற்று, ஆறு மாதத்துக்குள் நல்ல விலை வந்தபோது விற்றுக் கடனைத் தீர்க்கலாம். கலியாணச் செலவோ, பள்ளிக்கூடக் கட்டணமோ, கூலி பாக்கியோ நெருக்கும்போது விளைச்சல் முழுவதையும் விற்றுவிடாமல், தேவைக்கு வேண்டியதை மட்டும் விற்று, மிகுதியை ஈடு வைப்பது சிறந்த யோசனை.

காத்திருக்க இயலாத பண்டங்கள்

நெல்லைப் பற்றிக் கூறியவை கத்தரிக்கும் வெண்டைக்கும் தர்ப்பூசணிக்கும் பொருந்தா. அவை பறித்த நாளிலிருந்தே அழியத் தொடங்குகின்றன. இவற்றில் காத்திருத்தல் அறுவடைக்குப் பின் அல்ல, விதைப்பதற்கு முன் செய்ய வேண்டியது. சென்ற வருஷம் ஒரு பண்டம் நல்ல விலைக்குப் போனது என்று கேட்ட மாத்திரத்தில் எல்லாரும் அதையே பயிரிட்டால், அடுத்த பருவத்தில் வரத்து மிகுந்து விலை சரியும். சரிந்ததைக் கண்டு எல்லாரும் கைவிட்டால் மறுபடி ஏறும். சென்ற வருஷத்து விலை சென்ற வருஷத்து வரத்தைத்தான் காட்டும். இவ்வருஷம் அக்கம்பக்கத்தில் எத்தனை ஏக்கர் விதைத்திருக்கிறார்கள் என்பதே வரப்போகும் விலையைக் காட்டும். சந்தை நிலவரம் அறிய உழவன் செயலி உதவும். ஆனால் விதைப்பு நிலவரம் அறியப் பத்துக் கிராமம் சுற்றி வருவதற்கு ஈடு வேறில்லை.

விற்குமிடம் என்று பார்த்தால், சென்னையிலுள்ள கோயம்பேடு பெரிய சந்தை. பெரிய அளவில் விளைப்போருக்கு அது தகும். கூடை இரண்டு கூடை கொண்டு செல்பவருக்கு வண்டிக் கூலியும் தரகும் போக மிஞ்சுவது சொற்பம். அவருக்கு உழவர் சந்தையே உகந்தது. 1999 நவம்பர் 14-ல் மதுரையில் தொடங்கிய அத்திட்டத்தில், மொத்த விலைக்கு 20 சதவிகிதம் மேலாகவும் சில்லறை விலைக்கு 15 சதவிகிதம் கீழாகவும் அமையும்படி விலை குறிப்பது கொள்கை. அடையாள அட்டை பெற்ற விவசாயிக்குக் கடைவாடகை இல்லை, தரகு இல்லை, தராசும் அங்கேயே தரப்படும். ஆயினும் விற்கும் பொழுது முழுவதும் ஒருவர் அங்கே நின்றாக வேண்டும். அவருடைய ஒரு நாள் கூலியையும் கணக்கில் சேர்த்த பிறகே லாபத்தைச் சொல்ல வேண்டும்.

கூடி விற்றல்

இதுவரை சொன்ன வசதிகளுள் பலவற்றைச் சிறு நிலமுடையவர் தனியே தேடிக் கொள்வது கடினம். இரண்டு ஏக்கர்க்காரர் ஈரமானி வாங்க மாட்டார்; லாரி நிறைய நெல் இல்லாதவரை ஆலைக்காரர் பொருட்படுத்த மாட்டார். பலர் கூடினால் இவை எல்லாம் கைகூடும். 2002-ல் கம்பெனிச் சட்டத்தில் உற்பத்தியாளர் கம்பெனி என்ற அமைப்புக்கு இடம் தரப்பட்டது. 2020 பிப்ரவரியில் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உண்டாக்கும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. பதிவுச் சான்றிதழ் மட்டும் ஓர் அமைப்பை நடத்திவிடாது. ஒரே ரகத்தைப் பயிரிட உறுப்பினர் உடன்படுதல், எடையும் தரமும் எல்லார் முன்னிலையிலும் பார்த்தல், கணக்கை மாதந்தோறும் வாசித்துக் காட்டுதல் ஆகிய மூன்றும் உள்ள அமைப்பே நிற்கும். பதிவு செய்யாவிடினும் ஓர் ஏரிப் பாசனத்துப் பத்துப் பேர், தார்ப்பாயும் தராசும் ஈரமானியும் பொதுவில் வாங்கி, ஒரே நாளில் ஒரே விலை பேசினாலும் அதன் பயனை முதற் போகத்திலேயே காணலாம்.

அறுவடைக்கு முன் முடிக்க வேண்டியவை

1. கதிர் பால் பிடிக்கும்போதே அடங்கல் சான்று, சிட்டா, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைச் சரிபார்த்துக் கொள்முதல் பதிவுக்கு ஆயத்தம் செய்க.

2. உலர்த்தும் இடம், தார்ப்பாய், சாக்கு ஆகியவற்றை இயந்திரம் வருவதற்கு முன் தேடி வைக்க.

3. அருகிலுள்ள கொள்முதல் நிலையம் திறக்கும் நாள், விற்பனைக் கூடத்து ஏல நாள், தனியார் விலை ஆகிய மூன்றையும் ஒரே தாளில் குவிண்டால் கணக்கில் எழுதுக.

4. உடனே தேவைப்படும் பணம் எவ்வளவு என்று குடும்பத்தாரோடு கலந்து நிச்சயித்து, அந்த அளவுக்கு மேல் முதல் வாரத்தில் விற்காதிருக்க.

5. செலவுகள் போகக் கைக்கு வரும் தொகை எந்த வாசலில் அதிகமோ அந்த வாசலில் விற்க; அது தரகராக இருந்தாலும் தயக்கம் வேண்டாம்.

இந்த ஐந்தையும் செய்தவருக்கும் மழை வரலாம், நிலையம் திறக்கத் தாமதமாகலாம், விலை எதிர்பாராமல் இறங்கலாம். அவற்றை ஒரு நூலால் தடுக்க இயலாது. ஆனால் அவர் அன்று என்ன விலைக்கு விற்றாலும், அதற்கு மேல் கிடைக்க வழியில்லை என்று தாமே கணக்கிட்டு அறிந்து விற்றவராக இருப்பார். அவரைப் போன்றவர்கள் ஒரு கிராமத்தில் பத்துப் பேர் இருந்தால், அக்கிராமத்துக் களத்துக்கு வருகிற வியாபாரியும் சரியான ஈரமும் சரியான எடையும் சொல்லியே விலை பேசத் தொடங்குவார். கணக்கு அறியாத எஞ்சிய வீடுகளுக்கும் அந்த விலை கிடைக்கும்.